மாட்டுக்கு நகம் வெட்டுகிறவள்

அவளுக்கு மனிதர்களின் முகம் சீக்கிரம் மறந்துவிடும். கால் மறக்காது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் செருப்பு தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே, இவர் வலது குதிகாலை அழுத்தி நடப்பவர், இவருக்கு இடுப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுவாள். பதினாறு வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்ததில் வந்த பழக்கம். அடி ஒட்டிய ஷூ ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கட்டை விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்து அனுப்ப வேண்டும். பசை பிடிக்காத இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எண்ணூறு ஷூ.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கையில் ஒரு தாளோடு நின்றார். எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். முதல் வரியோடு நிறுத்திவிட்டார். "நீங்களே படிச்சுக்குங்கம்மா" என்று கேட்டில் ஒட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு பிள்ளைகளின் கூச்சலைத் தினமும் இரண்டு வேளை கேட்டுக் கேட்டு, எதற்கும் பதறாத மனசு அவருக்கு வாய்த்திருந்தது. "சரி விடு, கொஞ்ச நாள் காலை நீட்டி உக்காரு" என்றார். ஆனால் இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் தங்கைக்கு அப்படி விட மனசு வரவில்லை. நாத்தனாருக்கு மனசு வெள்ளை, வாய் மட்டும் வெடி. மறுநாளே வந்து, தனக்குத் தெரிந்த துணிக்கடையில் வேலை சொல்லிவைத்துவிட்டதாக அறிவித்தாள்.

"ஏசி போட்ட கடை அண்ணி. நிழல்ல நிக்கற வேலை. நாலு பேரு கேட்டா சொல்லிக்கற மாதிரி இருக்கும்."

துணிக்கடை வேலை பதினோரு நாள் நீடித்தது. வந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் தோளைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் ஒரு பெண்மணியிடம், "இந்தச் செருப்பை மாத்திடுங்கம்மா, ஒரு பக்கமா தேயுது, முட்டி போயிடும்" என்று நல்லதற்குத்தான் சொன்னாள். அந்த அம்மாள் துணி எடுக்காமலே போய்விட்டார். முதலாளி இவளைக் கூப்பிட்டு, "நீங்க செருப்புக் கடைக்குப் போங்களேன்" என்றார்.

அதன்பிறகுதான் பால் பண்ணை. ஊருக்கு வெளியே இருநூறு மாடுகள் உள்ள பெரிய பண்ணை. பால் கறக்கும் கூடத்தைக் கழுவிவிட ஆள் வேண்டும் என்று வாசலில் போர்டு தொங்கியது. அவள் அதுவரை ஒரு மாட்டைத் தொட்டதில்லை. முதல் வாரம் தண்ணீர்க் குழாயைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டுதான் நின்றாள். மாடுகள் வரிசையாக வந்து, இயந்திரத்தில் பாலைக் கொடுத்துவிட்டு, வரிசையாகப் போயின. யாரும் யாரையும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் பயம் தெளிந்தது. மூன்றாவது வாரம் அவள் கண் வழக்கம்போல் கீழே இறங்கிவிட்டது.

"அறுபத்தொண்ணாம் நம்பர் நொண்டுது சார்" என்று பண்ணை மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அங்கே மாடுகளுக்குப் பெயர் கிடையாது, காதில் நம்பர்தான்.

மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே நடக்குது?"

"நடக்குது சார். ஆனா பின்னங்கால் ஒண்ணை ஊணும்போது முதுகை லேசா வளைக்குது. பாரத்தை ஊணாம ஏமாத்துது."

"சரிம்மா, பாக்கலாம்" என்றார், கழுவ வந்தவள் கழுவிவிட்டுப் போகக்கூடாதா என்ற குரலில். மூன்றாம் நாள் அறுபத்தொன்று படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு மேனேஜரே தினமும் கூடத்துக்கு வந்து, "இன்னைக்கு யாராவது ஏமாத்தறாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

மாட்டின் குளம்பும் நம் நகம் மாதிரிதான், வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் நிற்கிற மாட்டுக்கு அது கோணலாக வளரும். கோணினால் பாரம் ஒரே பக்கம் விழும், உள்ளே புண் வைக்கும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது வெட்டிச் செதுக்கிவிட வேண்டும். அந்தப் பண்ணைக்கு அதற்காக வெளியூரிலிருந்து ஒருவர் வருவார். எப்போதும் அவசரத்தில் வந்து, அவசரத்தில் வெட்டி, அவசரத்தில் போய்விடுவார்.

பண்ணைக்கு வந்துகொண்டிருந்த மாட்டு டாக்டரம்மா ஒருநாள் இவளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கே நாலு நாள் கழிச்சுத் தெரியறது உங்களுக்கு எப்படி மொத நாளே தெரியுது?"

"ஷூ பாத்த கண்ணு டாக்டர்."

"எங்க காலேஜ்ல குளம்பு வெட்டப் பயிற்சி குடுக்கறாங்க. மூணு வாரம். போறீங்களா?"

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு அதுதான். நாத்தனார் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "என்னது, மாட்டுக்கு நகம் வெட்டப் போறீங்களா? ஏன் அண்ணி, அடுத்தது பல்லு விளக்கி விடுவீங்களா? என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அழகு நிலையம்னு சொல்லு" என்றார் அண்ணன்காரர். "பொய்யும் இல்ல." பிறகு மனைவியைப் பார்த்து, "போயிட்டு வா. வேணும்னா இன்னைக்கு ராத்திரி என் கால்ல பழகிக்க" என்று காலை நீட்டினார். பதினொன்றாம் வகுப்பு படித்த மகள், அப்பா காலைவிட மாட்டுக் கால் சுத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவள் ஒருத்திதான் பெண். முதல் வாரம் இறைச்சிக் கூடத்திலிருந்து கொண்டுவந்த கால்களை மேசைமேல் வைத்துச் செதுக்கப் பழகினார்கள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கையில் எடுத்தாள், கட்டை விரலால் அழுத்தினாள், எங்கே கனம் எங்கே மெலிசு என்று சொன்னாள். வகுப்பெடுத்தவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாவது வாரம் உயிருள்ள மாடு வந்தது. மேசைமேல் இருக்கும் காலுக்குக் கோபம் வராது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. இரும்புச் சட்டத்துக்குள் மாட்டை நிறுத்தி, வயிற்றுக்குக் கீழே பட்டை போட்டு, ஒரு காலை மட்டும் கயிற்றில் தூக்கிக் கட்ட வேண்டும். கட்டுவதற்குள் விட்ட ஒரு உதையில் முழங்கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனில், "லேசா தட்டிச்சு" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்ததும் பண்ணையில் குளம்பு வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. எண்பது மாட்டுக்கு மேல் முடித்திருந்தாள். கத்தியும் குளம்பைத் தேய்க்கும் மின்சாரக் கிரைண்டரும் கைக்கு வந்துவிட்டன. கைக்கு வந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் கை தவறும்.

நூற்றுப் பதினாலாம் நம்பர் சாது. சட்டத்துக்குள் தானே வந்து நிற்கும், காலைத் தூக்கினால் தூக்கியபடி கொடுக்கும். அன்றைக்குக் கறவை நேரத்துக்குள் இன்னும் நாலு மாட்டை முடிக்க வேண்டியிருந்தது. சாது மாடுதானே என்று கிரைண்டரை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டாள். வெள்ளைக்கு அடியில் ரோஜா நிறம் தெரிந்தது. கையை எடுப்பதற்குள் ரத்தம் வந்துவிட்டது. மாடு கத்தவில்லை. திரும்பி அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். மருந்து வைத்துக் கட்டி அனுப்பினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. மறுநாள் மாடு நொண்டினாலும், ஈரத்தரையில் வழுக்கியிருக்கும் என்று சொன்னால் முடிந்தது. அவள் பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள். பேருந்து வந்தது, கதவு திறந்தது, அவள் ஏறவில்லை. திரும்பி நடந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

"நூத்திப் பதினாலுக்கு ஆழமா வெட்டிட்டேன் சார். நான்தான். அவசரப்பட்டுட்டேன்."

மேனேஜருக்குக் கோபம் வந்தது. நல்ல கறவை மாடு அது. "இனிமே நான் சொல்ற வரைக்கும் கிரைண்டரைத் தொடாதீங்க" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மறுபடி தண்ணீர்க் குழாய், மறுபடி தரை.

ஆனால் அந்த மாட்டை அவள் விடவில்லை. மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதியில் புண் இருந்தால் நல்ல பாதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டிவிடுவார்கள். ஹைஹீல்ஸ் போட்ட மாதிரி அந்தப் பக்கம் உயர்ந்து, புண்பட்ட பக்கம் தரையில் படாமல் ஆறும். டாக்டரம்மா கட்டையை ஒட்டிவிட்டுப் போனார். இவள் தினமும் வேலை முடிந்து கால்மணி நேரம் கூடுதலாக இருந்து கட்டு மாற்றினாள். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், "எனக்கு இந்த வேலை வேண்டாம்னு தோணுதுங்க. ஷூ கெட்டுப்போனா தூக்கிப் போட்டுடலாம். அது என்னைத் திரும்பிப் பாக்காது" என்றாள்.

கணவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். "வேன் ஓட்ட ஆரம்பிச்ச வருஷம் ஒரு குழந்தைய இறக்கி விட்டுட்டு, அதோட கை கதவுல இருக்கறதைப் பாக்காம கதவைச் சாத்திட்டேன். விரல் நசுங்கிடுச்சு. இன்னைக்கும் கதவு சாத்தறதுக்கு முன்னாடி இறங்கி வந்து பாத்துட்டுத்தான் சாத்தறேன். பதினெட்டு வருஷமா. நீயும் எதையாவது பாத்துட்டு சாத்து, அவ்ளோதான்."

இது அவர் அவளிடம் ஒருநாளும் சொல்லாத கதை. அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

ஐந்து வாரத்தில் நூற்றுப் பதினாலு நேராக நடந்தது. அந்த வாரக் கடைசியில் மேனேஜர் கூடத்துக்கு வந்து அவளிடம் குளம்புக் கத்தியை நீட்டினார். "வெளியூர்க்காரர் வெட்டிட்டுப் போனா மறுநாள் நாலு மாடு நொண்டும். கேட்டா, நான் போனப்புறம் என்ன ஆச்சோன்னுவார். நீங்க வந்து நான்தான்னு சொன்னீங்க. எனக்கு அவர் வேணுமா நீங்க வேணுமான்னு யோசிச்சுப் பாத்தேன். நாளைக்கு எட்டு மாடு இருக்கு, காலைல வந்துடுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முறை கிரைண்டரை நிறுத்தி, கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். விரலுக்கு அடியில் இம்மி அசைந்தாலும் அத்தோடு நிறுத்தம். பொழுது கொஞ்சம் கூடுதலாகும். ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷத்தில் பெயர் வெளியே பரவியது. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவர்கள் போன் செய்தார்கள். பெரிய பண்ணையில் வாரத்துக்கு மூன்று நாள், மற்ற நாளில் வெளிவேலை என்று ஆயிற்று. பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் இரும்புச் சட்டத்தைப் பொருத்தினார்கள். அதை ஓட்டக் கணவரே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வண்டிக் கதவில் விளம்பரம் எழுதும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார். அங்கேதான் வினை. அவர் நாக்கில் ழகரம் ஏறாது, மழையும் அவருக்கு 'மளை'தான். போர்டு எழுதுகிறவரிடம் போனில் வாசகத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த மனிதருக்கு இவர் வாய் பழக்கமானது. பாவம், இவருக்கு ழ வராது என்று தானாகத் திருத்தி, பெரிய எழுத்தில் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டார்:

'குழம்பு. வீட்டுக்கே வந்து செய்து தரப்படும்.' கீழே போன் நம்பர்.

போய்க் கேட்டதற்கு, "என்னம்மா, சிறப்பு ழகரம் போட்டிருக்கேன், சிறப்பா இல்லையா?" என்றார். திருத்தித் தர ஒரு வாரம் ஆகும், கையில் பெரிய வேலை இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த ஒரு வாரத்துக்குள் நாத்தனார் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணி குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, இவள் எடுத்தாள். குளியலறையிலிருந்து வெளியே வந்த அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லவே இல்லையே அண்ணி! மாட்டு வேலைய விட்டுட்டுச் சமையல் காண்ட்ராக்ட் ஆரம்பிச்சுட்டீங்களா? இப்பத்தான் ஒருத்தர் போன் பண்ணார். ஆபீஸ்ல ஒருத்தர் ரிடையர் ஆகறாராம், ஞாயித்துக்கிழமை மதியம் அறுபது பேருக்குக் குழம்பு வேணுமாம். சரின்னு சொல்லிட்டேன்!"

அண்ணி தலைத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் முகம் மாறியது. ஆனாலும் அவள் லேசில் விடுகிற ஆளில்லை. "ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான். நம்ம வாயால சரின்னுட்டு இப்ப இல்லைன்னா அந்த மனுஷன் அறுபது பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்? நான் செய்யறேன். நீங்க காய் நறுக்குங்க. கத்தி பிடிக்கத்தான் நல்லாத் தெரியுமே!"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வீடு அமளிப்பட்டது. நாத்தனாருக்குக் கைமணம் உண்டு, அதை மறுக்க முடியாது. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வேனைக் கழுவி, இருக்கைகளுக்கு நடுவில் இரண்டு பெரிய பாத்திரங்களைக் கட்டிவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். ருசி பார்த்துவிட்டு அந்த ஆபீஸ்காரர் நாத்தனாரிடம் தனியாக நம்பர் வாங்கிக்கொண்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது அண்ணியின் போன் அடித்தது. இந்த முறை மாடுதான். மூன்று மாடு வைத்திருக்கும் ஒருவர். அதில் ஒன்று நாலு நாளாகக் காலை ஊன்றவில்லை, தீனி எடுக்கவில்லை. நாளைக் காலையில் அதைப் பிடித்துப்போக வியாபாரி வருகிறான் என்றார். எதற்குப் பிடித்துப்போவான் என்று அவர் சொல்லவில்லை. "ஒருதடவை பாத்துடுங்கம்மா. என் வீட்டுக்காரம்மா காலைலேர்ந்து அதுகிட்டயே உக்காந்திருக்கா."

அண்ணி பிக்கப்பில் ஏறினாள். கணவர் ஓட்ட உட்கார்ந்தார். "நானும் வரேன், அப்படியே என்னை வீட்ல விட்டுடுங்க" என்று நாத்தனாரும் ஏறிக்கொண்டாள். பேச்சு சுவாரஸ்யத்தில் அவள் தெரு கடந்துபோனதை மூவருமே கவனிக்கவில்லை.

கொட்டகை பகலிலேயே மங்கலாக இருந்தது. மாட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவரவே அரைமணி நேரம் ஆயிற்று. காலைத் தூக்கிக் கட்டிய பிறகு அண்ணி கத்தியால் மேலோட்டமாகச் சுரண்டினாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தினாள். ஓரிடத்தில் மாடு உடம்பு முழுக்க நடுங்கியது.

"வெளிச்சம் பத்தல. யாராவது போன் லைட்டைப் பிடிங்க."

கணவர் கயிற்றைப் பிடித்திருந்தார். மாட்டுக்காரர் தலையைப் பிடித்திருந்தார். அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மிச்சம் நாத்தனார்தான். விசேஷத்துக்கு உடுத்திய உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கை மூடி, மறு கையால் வெளிச்சம் காட்டினாள். "எனக்கு மயக்கம் வந்தா யாரும் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்" என்றாள்.

அண்ணி இம்மி இம்மியாகச் செதுக்கினாள். செதுக்கி அழுத்தி, செதுக்கி அழுத்தி. பத்து நிமிஷம் கழித்து ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கத்தி முனையை அதில் வைத்ததும் உள்ளே தங்கியிருந்த சீழ் பீய்ச்சிக்கொண்டு வந்தது. கூடவே பட்டாணி அளவுக்கு ஒரு கூழாங்கல். மாடு நீளமாக மூச்சு விட்டது. மயங்கி விழ வேண்டிய நாத்தனார் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குனிந்தாள்.

"அண்ணி, அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கு பாருங்க. ஆமா, அங்கதான். அதையும் எடுத்துடுங்க."

எடுத்தாள். கழுவி, மருந்து வைத்து, நல்ல பாதிக்கு அடியில் மரக்கட்டையை ஒட்டி, பசை காயும்வரை கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிற்றை அவிழ்த்தார்கள். மாடு காலைத் தரைக்குமேல் தூக்கிவைத்துக்கொண்டு யோசித்தது. மெதுவாக இறக்கியது. லேசாக ஊன்றியது. பிறகு நன்றாக ஊன்றி, ஓரடி, இரண்டடி, தீனித் தொட்டியை நோக்கி நடந்தது. மாட்டுக்காரரின் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். மாட்டுக்காரர் வெளியே போய், போனில் யாரிடமோ, "நாளைக்கு வர வேண்டாம்ப்பா, இல்ல, வேற நாளும் வேண்டாம்" என்று சொல்வது கேட்டது.

திரும்பும் வழியில் நாத்தனார் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. அண்ணன்காரருக்கே கவலையாகிவிட்டது. "என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்லண்ணா." பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணி, இவ்ளோ வருஷமா இதையா 'லேசா நகம் வெட்டிட்டு வந்தேன்'னு சொல்லிட்டு இருந்தீங்க?"

"பின்ன என்னன்னு சொல்றது?"

"ஆபரேஷன்னு சொல்லுங்க அண்ணி, ஆபரேஷன்!"

அன்று மாலைக்குள் இரண்டு தெருவுக்கும் செய்தி போய்விட்டது. நாத்தனாரின் வாயில் கூழாங்கல் முதலில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது, இரவுச் சாப்பாட்டுக்குள் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. அவள் கணவருடைய ஆபீசில் இப்போது எல்லோருக்கும் தெரியும், இவர் மச்சினர் மனைவி மாட்டுக்கு ஆபரேஷன் செய்கிறவர் என்று. டாக்டரம்மா காதில் விழுந்தால் சிரிப்பார் என்று அண்ணிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மறுக்கவில்லை. சொல்கிற வாயை மூட முடியாது, மூடவும் அவளுக்கு ஆசையில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாட்டுக்காரர் போன் செய்தார். தீனி எடுத்ததாம். தண்ணீர் குடித்ததாம். ஒரு லிட்டர்தான் என்றாலும் பால் கொடுத்ததாம். ஒவ்வொன்றாக, நிதானமாக, அவர் சொல்லச் சொல்ல அவள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். மகள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கணவர் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டார். பண்ணையில் அன்றைக்கு ஒன்பது மாடு காத்திருந்தது. போனை வைத்துவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். முதல் திருப்பத்தில், முன்னால் கைப்பையோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தவரின் இடது செருப்பு உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. கண்ணாடியை இறக்கி அவரிடம் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பாவம், அவருக்கு ஏதோ அவசரம். விட்டுவிட்டாள்.